அல்வா, பத்தமடைப் பாய், நுங்கு: எல்லாமே சர்க்கரைச் சங்கிலிதானா?

கோரைக்காரி (பத்தமடை)

மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். தாவரவியலில் உயிரி மூலக்கூறுகள் பாடம் ஓடுகிறது. நேற்று வந்து, "அம்மா, நீ நெய்யுற பாயும் குளுக்கோஸ்தான், நாம தின்ன அல்வாவும் குளுக்கோஸ்தான்" என்கிறான். புத்தகத்தைக் காட்டினான், அப்படித்தான் போட்டிருக்கிறது.

கோரையைக் கீறி, ஆற்றுத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப் போட்டுத்தான் நாங்கள் எடுக்கிறோம். அது கரைந்ததும் இல்லை, இனித்ததும் இல்லை. கோதுமைப் பாலோ அடுப்பில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் களியாகிவிடுகிறது. ஒரே பொருள் என்றால் இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பையன் மனப்பாடம் பண்ணி எழுதிவிடுவான். எனக்குப் புரிய வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை டீச்சர்

பத்தமடை அம்மாவுக்கு வணக்கம். நான் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். உங்கள் மகன் சொன்னது சரி. நீங்கள் கேட்ட கேள்வி அதைவிட முக்கியமானது. இந்தப் பாடத்தின் உயிரே அதுதான்.

குளுக்கோஸ் ஆறு கார்பன் கொண்ட சின்ன மூலக்கூறு. பெரும்பாலும் வளையமாக இருக்கும். கார்பன்களுக்கு 1 முதல் 6 வரை எண் போட்டிருப்பார்கள். ஒரு குளுக்கோஸின் 1ஆம் கார்பன் அடுத்த குளுக்கோஸின் 4ஆம் கார்பனோடு கைகோக்கும். இப்படியே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் சங்கிலி. அல்வாவில் இருக்கும் மாவுச்சத்துக்கும் உங்கள் கோரையில் இருக்கும் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளுக்கும் இதுவரை வித்தியாசமே கிடையாது.

வித்தியாசம் 1ஆம் கார்பனில் இருக்கும் பிணைப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் இருக்கிறது. வளையத்துக்குக் கீழே பார்த்தால் ஆல்ஃபா, மேலே பார்த்தால் பீட்டா. மாவுச்சத்தில் ஆல்ஃபா, செல்லுலோஸில் பீட்டா. அவ்வளவுதான்.

ஆல்ஃபாவாகக் கோத்தால் ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதைவிடக் கொஞ்சம் வளைந்து உட்காரும். சங்கிலி சுருண்டுவிடும். சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ் என்று கணக்கு. சுருளுக்குள்ளும் இடையிலும் தண்ணீர் புக இடம் இருக்கும். பீட்டாவாகக் கோத்தால் ஒன்று விட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி உட்கார்ந்து, சங்கிலி நேராக நீண்டுபோகும். நேரான சங்கிலிகள், கிளை சீவிய விறகைக் கட்டுவது போல நெருக்கி அடுக்கிக்கொள்ளும். அடுத்தடுத்த சங்கிலிகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள். ஒவ்வொன்றும் தனித்தனியே பலவீனமானதுதான். ஆனால் நீளம் முழுக்க வரிசையாக இருப்பதால் தண்ணீரால் பிரிக்க முடியாது. உங்கள் கோரை எத்தனை நாள் ஊறினாலும் கரையாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கரிசல்காட்டான் (கோவில்பட்டி)

டீச்சர், ஒரு சின்னத் திருத்தம். கோரை முழுக்க செல்லுலோஸ் கிடையாது. லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் எல்லாம் கலந்திருக்கும். சுத்தமான செல்லுலோஸைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் கரிசலில் விளையும் பருத்தியைத்தான் பார்க்க வேண்டும். பஞ்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ்.

பாளை டீச்சர்

சரியாகச் சொன்னீர்கள் அண்ணாச்சி. கோரை விறைப்பாக நிற்பதில் லிக்னினுக்கும் பெரிய பங்கு உண்டு. அது சர்க்கரைச் சங்கிலியே அல்ல, வளைய வளையமான வேறு வகை மூலக்கூறுகள் தாறுமாறாகப் பின்னிக்கொண்ட வலை. செல்லுலோஸ் இழுவையைத் தாங்கும், லிக்னின் அமுக்கத்தைத் தாங்கும்.

பையனுக்கு வீட்டிலேயே செய்ய ஒரு சோதனை சொல்கிறேன். புண்ணுக்குப் போடும் பெட்டாடைன் கரைசலைத் தண்ணீர் விட்டு இளம் பழுப்பாக்கிக்கொள்ளுங்கள். சோற்றில் ஒரு சொட்டு, பஞ்சில் ஒரு சொட்டு. சோறு கருநீலமாகிவிடும், பஞ்சில் அந்த நீலம் வராது. மாவுச்சத்தின் சுருளுக்குள் அயோடின் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொள்வதால் அந்த நிறம். செல்லுலோஸில் சுருளே இல்லை, உட்கார இடமும் இல்லை. அப்புறம் கஞ்சித் தண்ணீரில் இதையே செய்து, கொதிக்கும் அளவுக்குச் சூடாக்கினால் நீலம் மங்கும், ஆறினால் திரும்ப வரும். சூட்டில் சுருள் தளர்கிறது, ஆறும்போது மறுபடி சுருள்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வடிவத்தை நிறமாகப் பார்க்கிறோம். இதை வகுப்பில் செய்து காட்டும்போது பிள்ளைகள் முகத்தில் தெரியும் வெளிச்சத்துக்காகவே நான் அந்தப் பாடத்துக்குக் காத்திருப்பேன்.

கிண்டும் கை (டவுண்)

நான் அல்வா போடுகிறவன். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுப்போம். சக்கை தனி, பால் தனி. பாலை ராத்திரி அப்படியே விட்டால் கெட்டியானது அடியில் தங்கும், மேலே நிற்கும் தண்ணீரை இறுத்துவிடுவோம். அப்புறம் சீனிப்பாகு, நெய், விடாமல் கிண்டல். ஒரு பக்குவத்தில் நெய் கக்க ஆரம்பிக்கும். அடியில் தங்குவதுதான் டீச்சர் சொல்கிற மாவுச்சத்தா? அது முதலில் ஏன் நெய்யைக் குடிக்கிறது, பிறகு ஏன் கக்குகிறது?

பாளை டீச்சர்

ஆமாம் தம்பி, அடியில் தங்குவது மாவுச்சத்து மணிகள். குளிர்ந்த தண்ணீரில் அவை கரையாது, அதனால்தான் படிகின்றன. கோதுமையின் குளுட்டன் என்ற பசைப் புரதத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. அது அப்படியே தங்கினால் அல்வா வழுக்காது, ரப்பராகும்.

ஏறத்தாழ 60 டிகிரி சூட்டில் கோதுமை மாவுச்சத்து மணிகள் தண்ணீரை இழுத்து வீங்கத் தொடங்கும். சீனி கூட இருந்தால் தண்ணீருக்குப் போட்டி வந்துவிடும், அதனால் இன்னும் கூடுதல் சூடு வேண்டியிருக்கும். மணிகள் வீங்கி உடைந்து, அமைலோஸ் என்ற கிளையில்லாச் சங்கிலிகள் வெளியே வந்து பின்னிக்கொள்ளும். கிளை விட்ட அமைலோபெக்டின் அந்தப் பின்னலுக்குள் தங்கும். அதுதான் அல்வாவின் உடம்பு.

நெய்க்கு வருவோம். மாவுச்சத்து உடம்பெல்லாம் தண்ணீரை விரும்பும் ஹைட்ராக்சில் தொகுதிகள். நெய்யில் இருப்பது தண்ணீரோடு ஒட்டாத நீண்ட கார்பன் வால்கள். தொடக்கத்தில் நீங்கள் கிண்டுகிற வேகத்தில் நெய் சின்னச் சின்னத் துளிகளாகச் சிதறிக் களிக்குள் மாட்டிக்கொள்கிறது. பார்க்கக் குடித்த மாதிரி தெரியும். தண்ணீர் வற்ற வற்றப் பின்னல் இறுகும், துளிகளுக்கு இடம் போதாது, ஒன்றோடு ஒன்று சேர்ந்து வெளியே வரும். உங்கள் கை அறிந்த பக்குவம் அந்த இறுக்கத்தைத்தான் பார்க்கிறது.

அம்பைவயல்

நமக்கு வைக்கோல் ஜீரணிக்காது, மாட்டுக்கு ஜீரணிக்கிறது. மாட்டுக்கு மட்டும் தனி நொதியா?

பாளை டீச்சர்

மாட்டுக்கும் கிடையாது! நம் எச்சிலில் இருக்கும் அமைலேஸ் நொதி ஆல்ஃபா பிணைப்பை மட்டும்தான் வெட்டும். பீட்டா பிணைப்பு அதன் வெட்டும் இடத்தில் பொருந்தாது. சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கும், பஞ்சை எவ்வளவு மென்றாலும் பஞ்சுதான். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களிடம்தான் செல்லுலோஸை வெட்டும் செல்லுலேஸ் நொதி இருக்கிறது. பாயை அரிக்கும் கரையானுக்கும் வயிற்று நுண்ணுயிர்கள்தான் பெரிய துணை.

இதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த நுண்ணுயிர்கள் வைக்கோலின் செல்லுலோஸை உடைத்து அசிட்டிக் அமிலம், புரோப்பியோனிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் என்று வெளியே விடும். மாடு அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். மடியில் அந்த அசிட்டிக் அமிலத்தின் இரண்டிரண்டு கார்பனாகக் கோத்துத்தான் பால் கொழுப்பின் கொழுப்பு அமிலங்களில் பாதி அளவுக்கு உருவாகிறது. ஆக, அல்வாவில் மினுங்கும் நெய்யில் ஒரு பங்கு, வயலில் வைக்கோலாகக் கிடந்த செல்லுலோஸ்தான்.

கிண்டும் கை (டவுண்)

இதைக் கடையில் எல்லாரிடமும் சொல்லப்போகிறேன் டீச்சர்.

தேரிமணல் (உடன்குடி)

எங்கள் வீடு பனையேறிக் குடும்பம். கருப்பட்டி காய்ச்சுகிறோம். உடன்குடிப் பக்கம் பழைய திருநெல்வேலி ஜில்லாதானே, அதனால் இங்கேயே கேட்கிறேன். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவோம். தடவாவிட்டால் கள்ளாகிவிடும், தெரிகிறது. ஆனால் சுண்ணாம்பு குறைந்த பதனீரைக் காய்ச்சினால், கள்ளாகாமல் இருந்தாலும் கருப்பட்டி சரியாக இறுகுவதில்லை. சிரட்டையில் ஊற்றினால் இளகியே கிடக்கிறது. ஏன்?

பாளை டீச்சர்

அருமையான கேள்வி. பதனீரின் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு பிரக்டோஸும் சேர்ந்த இரட்டை. அமிலம் கூடினால் இந்த இரட்டை உடையும். ஈஸ்ட்டின் இன்வெர்டேஸ் நொதியும் அதை உடைக்கும், அந்த நொதிக்கும் லேசான புளிப்புத்தான் பிடிக்கும். சுண்ணாம்பு இரண்டு வேலை செய்கிறது. நுண்ணுயிர் பெருகாதபடி காரத்தை ஏற்றுகிறது, சுக்ரோஸ் உடையாமலும் காக்கிறது.

சுக்ரோஸ் தனியாக இருந்தால் வரிசையாக அடுக்கிப் படிகமாகும். உங்கள் பனங்கற்கண்டு அதுதான். குளுக்கோஸும் பிரக்டோஸும் இடையில் கலந்துவிட்டால் அந்த வரிசை குலைந்துபோகும். பிரக்டோஸ் ஈரத்தையும் இழுக்கும். அதனால் இளகல். கள்ளாவதற்கு முந்தைய படி உங்கள் கலயத்தில் நடந்து முடிந்திருக்கிறது, மணம் மட்டும் இன்னும் வரவில்லை.

பள்ளி ஆய்வகத்தில் பெனடிக்ட் கரைசல் இருக்கும். சுக்ரோஸ் அதில் நிறம் மாற்றாது, உடைந்த சர்க்கரை சூட்டில் செங்கல் நிறம் காட்டும். கருப்பட்டி காய்ச்சும் விடிலிக்கு வருகிற பதனீரில் கொஞ்சம் சோதித்தால் எந்தக் கலயத்தில் சுண்ணாம்பு குறைவு என்று காய்ச்சுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

தேரிமணல் (உடன்குடி)

இதைச் செய்து பார்க்கிறோம். பதனீர் பொங்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவோம், உடனே அடங்கும். அதுவும் இந்தக் கணக்குத்தானா?

பாளை டீச்சர்

அது எண்ணெயின் வேலை. நுரையின் சுவர் மெல்லிய தண்ணீர்ப் படலம். எண்ணெய்த் துளி அதில் பரவினால் படலம் அறுந்து நுரை உடையும்.

மருந்துச்சீட்டு

இடையில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், நேரடியாகவே கேட்கிறேன். மருந்து வாங்க வருகிறவர்களில் பலர் "சீனியை விட்டுட்டேன், கருப்பட்டிக் காப்பிதான்" என்று நிம்மதியாகச் சொல்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள். இந்த இழையில் கருப்பட்டி சுக்ரோஸ் என்று வந்துவிட்டதால், அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பாளை டீச்சர்

கருப்பட்டியில் இரும்பு போன்ற தாதுக்கள் கொஞ்சம் உண்டு, சீனியில் அது கிடையாது. மணமும் தனி. ஆனால் பெரும்பகுதி அதே சுக்ரோஸ். குடலில் இருக்கும் சுக்ரேஸ் நொதிக்கு அது கரும்பிலிருந்து வந்ததா பனையிலிருந்து வந்ததா என்று தெரியாது. ஒரே மூலக்கூறு, ஒரே வெட்டு, ரத்தத்தில் அதே குளுக்கோஸ். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சீனிக்கு வைத்த கணக்கையே கருப்பட்டிக்கும் வைக்க வேண்டும்.

தேரிமணல் (உடன்குடி)

கருப்பட்டி விற்கிறவனாக நானும் இதை ஒத்துக்கொள்கிறேன். நோய் உள்ளவர்களிடம் மருந்து என்று சொல்லி விற்பது பாவம். எங்கள் அப்பா ருசிக்காக வாங்குங்கள் என்றுதான் சொல்வார்.

அம்பைவயல்

நெல்லையும் பேசுங்கள். எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த அம்பை 16 குண்டு அரிசி. எங்கள் வீட்டில் மதியம் வடித்துச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைப்போம். காலையில் அந்தப் பழையது வயிற்றில் நின்று தாங்குகிறது. அதே சோறுதானே?

பாளை டீச்சர்

அதே சங்கிலி, அதே ஆல்ஃபா பிணைப்பு. அடுக்கு மட்டும் மாறிவிட்டது. வேகும்போது பிரிந்த அமைலோஸ் சங்கிலிகள் ஆறும்போது பக்கத்துச் சங்கிலியோடு மறுபடி நெருங்கி இறுகும். காலையில் சோறு விறைத்து உதிரியாவது அதனால்தான். அந்த இறுகிய பகுதிக்குள் அமைலேஸ் எளிதில் நுழைய முடியாது, ஒரு பங்கு ஜீரணமாகாமலே பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவாகும். மறுபடி சூடாக்கினால் கொஞ்சம் தளரும்.

கோரைக்காரி (பத்தமடை)

இவ்வளவும் படித்துக் காட்டினேன். மகன் ஒன்று கேட்கச் சொல்கிறான். நுங்கும் பனங்கொட்டையும் ஒரே காய்தானே. வைகாசியில் நுங்கு விரலால் நோண்டி எடுக்கிற மாதிரி இருக்கிறது. முற்றினால் அரிவாளுக்கே பிடிகொடுக்காது. அப்புறம் முளைக்கப் போட்டால் உள்ளே தவுண், மண்ணுக்குள் கிழங்கு. என்னதான் நடக்கிறது அதற்குள்ளே?

பாளை டீச்சர்

தம்பி, இதை நீ கேட்டதற்கு உனக்கு நான் ஒரு நுங்குக் குலையே வாங்கித் தர வேண்டும். நம் ஊரில் இந்தப் பாடத்துக்குப் பனையைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நுங்கில் இருப்பது மாவுச்சத்து அல்ல. காலக்டோமன்னன். குளுக்கோஸுக்கு நெருங்கிய சொந்தமான மன்னோஸ் சர்க்கரையை, செல்லுலோஸைப் போலவே பீட்டா 1,4 என்று நேராகக் கோத்த சங்கிலி. நேர்ச் சங்கிலி என்றால் இறுகத்தானே வேண்டும்? இளம் நுங்கில் அந்தச் சங்கிலியில் ஆங்காங்கே காலக்டோஸ் என்ற சர்க்கரை பக்கக் கிளையாக நீட்டிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன விறகு, கவட்டையோடு இருந்தால் கட்டில் அடங்குமா? அடங்காது. சங்கிலிகள் நெருங்க முடியாமல் இடைவெளி விழுகிறது, அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர். அதுதான் நுங்கின் வழுவழுப்பு.

காய் முற்ற முற்றக் கிளைகள் குறைகின்றன. வழவழவென்று இருந்த சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக் கெட்டிப்படுகின்றன. தண்ணீர் வெளியேறுகிறது. மரக்கட்டை மாதிரி ஆன கொட்டைப் பருப்பும் மன்னோஸ் சங்கிலிதான். சர்க்கரை மாறவில்லை, கிளைதான் போயிற்று. விதைக்கு அது உணவுக் கிடங்கு. பூச்சியும் எளிதில் துளைக்காது.

முளைக்கும்போது கருவிலிருந்து பஞ்சு போன்ற ஓர் உறுப்பு வளர்ந்து கொட்டைக்குள் நிறையும். நாம் ஆசையாகத் தின்னும் தவுண் அதுதான். அதன் வேலை உறிஞ்சுவது. மன்னோஸ் சங்கிலியை வெட்டும் நொதிகள் கெட்டிப் பருப்பைக் கரைக்க, கரைந்த சர்க்கரையைத் தவுண் உறிஞ்சி முளைக்கு அனுப்பும். தவுண் இனிப்பது அந்த வழிப்பயணச் சர்க்கரையால். அது மண்ணுக்குள் இறங்கும் முளையில் போய் மாவுச்சத்தாக மறுபடி கோக்கப்படுகிறது. பனங்கிழங்கை அவித்தால் மாவாக இருக்கிறதல்லவா, பெட்டாடைன் சொட்டைப் போட்டுப் பார், கருநீலம் வரும்.

ஏன் இத்தனை மாற்றம்? விதையாகக் கிடக்கும்போது உணவு கெட்டியாக, பத்திரமாக இருக்க வேண்டும். பயணத்தில் கரைசலாக இருக்க வேண்டும். கிழங்கில், தேவைப்பட்டவுடன் உடைத்து எடுக்கத் தோதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் பனை சங்கிலியை அவிழ்த்து வேறு மாதிரி கோக்கிறது.

கரிசல்காட்டான் (கோவில்பட்டி)

டீச்சர், எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருக்கிறது. புரதத்துக்கும் இதே கதைதானா? ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் கட்டியாகிறதே.

பாளை டீச்சர்

புரதத்தில் இருபது வகை அமினோ அமிலங்கள் வருவதால் வடிவங்கள் இன்னும் அதிகம். சூப்பில் இருப்பது கொலாஜன். தசைநார், தோல், எலும்பு எல்லாவற்றிலும் இருக்கும் புரதம். மூன்று இழைகள் கயிறாக முறுக்கிய அமைப்பு அது. அந்த வடிவத்தை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் கட்டாயம் தெரிய வேண்டும். 1963இல் ராமச்சந்திரன் குழு போட்ட வரைபடத்தை, புரதத்தின் வடிவம் சரியா என்று பார்க்க உலகம் முழுக்க இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள்.

கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்கும். அமினோ அமிலங்களிலேயே சின்னது அது. மூன்று இழையும் சேரும் நடு அச்சில் வேறு எதற்கும் இடம் போதாது. கொதிக்கவைத்தால் முறுக்குப் பிரிந்து ஜெலட்டின் ஆகும், ஆறினால் அரைகுறையாக முறுக்கித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் சூப்புக் கட்டி. கொலாஜன் முறுக்கு உறுதியாக நிற்க வைட்டமின் சி வேண்டும், அதனால்தான் அது குறைந்தால் ஈறில் ரத்தம் கசிகிறது.

ஓர் அமினோ அமிலம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அரிவாள் செல் சோகை இருக்கிறது. ஹீமோகுளோபினின் பீட்டா இழையில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிட்டால், ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழையாகி, ரத்த அணுவையே வளைத்துவிடும்.

உவரிக்கரை

கடல்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. இறால் தோடும் நண்டு ஓடும் இந்தக் கூட்டத்தில் சேருமா?

பாளை டீச்சர்

சேரும் அண்ணாச்சி. அதில் இருப்பது கைட்டின். செல்லுலோஸ் மாதிரியே பீட்டா 1,4 நேர்ச் சங்கிலி. குளுக்கோஸின் 2ஆம் கார்பனில் ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் உள்ள அசிட்டமைடு தொகுதி. அதனால் சங்கிலிகளுக்கு இடையே பிடிப்பு இன்னும் கூடுதல். நண்டு ஓட்டில் அதோடு சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கெட்டிப்படுகிறது. காளானின் செல் சுவரிலும் வண்டின் ஓட்டிலும் இதே கைட்டின்தான்.

தொழிலுக்கும் இதில் வேலை உண்டு. இறால் தோட்டைக் காரத்தில் வேகவைத்து அந்த அசிட்டமைடில் நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும் அசிட்டைல் பகுதிகளில் பெரும்பாலானவற்றை நீக்கினால் கைட்டோசான் கிடைக்கும். கைட்டின் தண்ணீரிலும் கரையாது, வினிகரிலும் கரையாது. கைட்டோசான் வினிகர் அளவு புளிப்பிலேயே கரைந்துவிடும், ஏனென்றால் வெளிப்பட்ட நைட்ரஜன் தொகுதிகள் அமிலத்தில் நேர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. ரத்தத்தை நிறுத்தும் காயக்கட்டுகளில் அதைச் சேர்க்கிறார்கள்.